டார்த் வேடர் காமிக்ஸ்: மூன்றில் எதை முதலில் வாங்குவது?

"மாமா, மூன்றுக்கும் ஒரே பெயர். மூன்றிலும் 'முதல் தொகுதி' என்று போட்டிருக்கிறது. எதை வாங்கட்டும்?"

கிருஷ்ணகிரியிலிருந்து அக்கா மகன் கேட்டான். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் பையன். ஸ்டார் வார்ஸ் படங்களைக் கைப்பேசியிலேயே பார்த்து முடித்தவன். அத்தனை படத்திலும் அவனுக்குப் பிடித்தது ஒரே ஆள்தான். கறுப்புக் கவசத்துக்குள்ளிருந்து இரைக்க இரைக்க மூச்சு விடும் டார்த் வேடர். அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய பணம் ஒரு வரிசைக்குத்தான் காணும். நான் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனம் கேட்கவில்லை. பரணில் கிடந்த மூன்று வரிசைகளையும் இறக்கித் தூசு தட்டி, பத்து இரவுகள் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். அவசரத்தில் சொன்ன பதில் சரிதான். ஆனால் அவனிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது கடைசியில் வரும்.

அவன் குழம்பியதில் தவறில்லை. ஸ்டார் வார்ஸ் காமிக்ஸை 1991 முதல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்டு வந்தது. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமை 2012 இல் டிஸ்னி வாங்கியது. மார்வெலை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வாங்கிப் போட்டிருந்தது. சொந்த வீட்டிலேயே காமிக்ஸ் அச்சடிக்கும் ஆள் இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குக் குத்தகை? 2015 இல் உரிமை மார்வெலுக்குத் திரும்பியது. ஆம், திரும்பியதுதான். 1977 இல் முதல் படம் திரைக்கு வருவதற்கு முன்பே அதன் காமிக்ஸைக் கடைக்குக் கொண்டுவந்தது மார்வெல்.

அதன்பின் 'டார்த் வேடர்' என்ற ஒரே பெயரில் மூன்று வரிசைகள் வந்தன. 2015 இல் தொடங்கியதைக் கீரன் கில்லன் எழுதினார், சால்வடோர் லரோக்கா வரைந்தார். 25 இதழ்கள். 2017 இல் தொடங்கியதைச் சார்ல்ஸ் சோல் எழுத, ஜுசெப்பே கமுன்கோலி வரைந்தார். அதுவும் 25 இதழ்கள். 2020 இல் தொடங்கிய மூன்றாவதை எழுதியவர் கிரெக் பாக். ரஃபேல் யென்கோ தொடங்கிப் பலர் வரைய, 50 இதழ்கள் ஓடி 2024 இல் முடிந்தது.

வெளிவந்த வரிசையும் கதை நடக்கும் வரிசையும் ஒன்றல்ல. சோலின் கதை, அனகின் ஸ்கைவாக்கர் என்ற இளைஞன் கவசத்துக்குள் அடைக்கப்பட்டு வேடரான நொடியில், அதாவது 2005 இல் வந்த படம் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. கில்லனின் கதை 1977 படத்துக்கும் 1980 படத்துக்கும் இடையில் நடக்கிறது. பாக்கின் கதை 1980 படம் முடிந்த கையோடு தொடங்குகிறது. "பிறகென்ன, கதை நடக்கும் வரிசையிலேயே படித்துவிடலாமே" என்று எவரும் சொல்வார்கள். பையனும் அதைத்தான் சொன்னான். வேண்டாம் என்றேன்.

ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் தெருக்கூத்துப் பக்கம் போய்வர வேண்டும்.

பென்னாகரம் பக்கத்தில் பாட்டி ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் ஆண்டுகளில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துரியோதனன் வருகிற இரவில் நாங்கள் முன்வரிசையில் கோணிப்பையை விரித்து இடம் பிடிப்போம். அவன் சட்டென்று வந்துவிட மாட்டான். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரியும். உள்ளிருந்து பாட்டு வரும். கட்டியங்காரன் ஏதாவது குறும்பாகக் கேட்பான், பதில் திரைக்குப் பின்னாலிருந்தே வரும். ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். திரை விலகும்போது குழந்தைகள் அலறுவார்கள். பதினெட்டாம் நாள் இவன் தொடை பிளந்து சாகப்போகிறான் என்று அலறுகிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

1977 படத்தில் வேடர் வருவதும் இப்படித்தான். வெள்ளை வெளேரென்ற நடைபாதை, தகர்ந்த கதவு, புகை. புகைத் திரைக்குள்ளிருந்து கறுப்பாக ஓர் உருவம். தமிழில் எழுதினால் அந்தப் பெயரே வேடனையும் வேடத்தையும் சேர்த்துத் தொட்டுக்கொள்கிறது. போதாக்குறைக்கு 'அர்' விகுதி வேறு. வில்லனாக இருந்தாலும் மரியாதை கொடுத்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

வேடருக்கு முதலும் முடிவும் படங்களில் எழுதப்பட்டுவிட்டன. எந்தக் காமிக்ஸ் எழுத்தாளரும் அவரைக் கொல்ல முடியாது, திருத்தவும் முடியாது. வில்லனைத் தலைவனாக வைத்த காமிக்ஸ் நமக்குப் பழக்கமானதுதான். லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர், குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாகக் கிளம்பியவன். இரும்புக்கை மாயாவியும் தொடக்கத்தில் திருடப் போனவன்தான். ஆனால் அவர்களுக்குத் திருந்துகிற வசதி இருந்தது, வேடருக்கு 1983 படத்தின் கடைசிக் காட்சிவரை அது கிடையாது. ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியால் இந்த மூன்று வரிசைகளையும் ஒப்பிட்டுப் பயனில்லை. முடிவு தெரிந்த கதையில் எந்தத் துண்டு நம்மை உட்கார வைக்கிறது என்று பார்க்க வேண்டும். சோலின் கதை, வேடம் கட்டுகிற கொட்டகைக்குள் நம்மை அழைத்துப்போகிறது. கில்லனின் கதை திரைக்கு முன்னால் நிறுத்துகிறது. கூத்தைப் பார்க்காதவனை முதலிலேயே கொட்டகைக்குள் விட்டால் அரிதாரத்தைப் பார்ப்பான், துரியோதனனைப் பார்க்க மாட்டான்.

2015 வரிசை என்ன கேள்வியை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். முதல் படத்தில் வேடர் பயங்கரமானவர்தான். ஆனாலும் டார்கின் என்ற ஆளுநர் "விடு" என்றால் விட்டுவிடுகிறார். இவரைக் கட்டிய கயிறு உன் கையில்தானே என்று புரட்சிப் படையின் இளவரசி லேயா அந்த ஆளுநரைக் குத்திக்காட்டுகிறாள். முடிவில் பேரரசின் மாபெரும் ஆயுதமான டெத் ஸ்டார் வெடித்துச் சிதறுகிறது. வேடர் மட்டும் ஒரு சின்னக் கலத்தில் சுழன்றபடி பிழைக்கிறார். அடுத்த படத்தைத் திறந்தால் படை முழுவதும் அவர் கையில் இருக்கிறது. பிழை செய்த அட்மிரலை நின்ற இடத்திலேயே மூச்சை நெரித்துக் கொல்கிறார், கேட்க நாதியில்லை. அவ்வளவு பெரிய தோல்வியில் சிக்கியவருக்குப் பதவி உயர்வு எங்கிருந்து வந்தது?

கில்லனின் பதில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். வேடர் ஏறத்தாழக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்படுகிறார். டேகி என்ற தளபதிக்குக் கீழே வேலை. அந்த ஆளுக்கு வாள், மந்திரம், வீரம் எதிலும் நம்பிக்கையில்லை. வரைபடமும் புள்ளிவிவரமும் காட்டிப் பேசுகிறவர். தண்டனை மாறுதல் என்றால் எங்கள் தருமபுரி மாவட்டத்தின் பெயர் அடிபட்ட காலம் ஒன்று உண்டு, ஆகவே இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குத் தனியாக ஒரு சிரிப்பு வரும். அதற்கிடையில் பேரரசர் சைலோ என்ற விஞ்ஞானியிடம் வேடருக்கு மாற்று ஆட்களைத் தயார் செய்துவைத்திருப்பதும் தெரியவருகிறது. வேடர் சத்தம் போடவில்லை. தனக்கென்று ரகசியமாக ஆளும் பணமும் சேர்க்கத் தொடங்குகிறார்.

அப்படிச் சேரும் ஆட்களில் ஒருத்தி டாக்டர் ஆஃப்ரா. பாழடைந்த இடங்களில் பழைய ஆயுதங்களைத் தோண்டி எடுத்து விற்கும் தொல்லியலாளர், வாய் ஓயாத பெண். மூன்றாம் இதழில் வந்தவள் வாசகர்களுக்குப் பிடித்துப்போய், 2016 முடிவதற்குள் தனித் தொடருக்கே தலைவியாகிவிட்டாள். அவளுடன் இரண்டு எந்திரங்கள். படத்தில் வரும் பொன்னிற எந்திரத்தையும் அதன் குட்டித் தோழனையும் அப்படியே உரித்துவைத்து, உள்ளே கொலைவெறியை ஊற்றியதுபோல இருக்கும். பொன்னிறத்தானின் தம்பி மிக மரியாதையாகப் பேசிக்கொண்டே சித்திரவதை செய்வான். கூத்தில் கட்டியங்காரனுக்கு என்ன வேலையோ அதுதான் இவர்களுக்கும். வேடர் ஒரு வரி பேசினால் இவர்கள் பத்து வரி பேசுவார்கள், அந்த ஒரு வரிக்கு எடை கூடும்.

இரண்டாம் தொகுதியில் ஒரு கட்டம் உண்டு. பேரரசின் பணத்தைத் தன் ஆட்களை வைத்து வேடரே கொள்ளையடிக்கிறார். அதைத் துப்புத் துலக்க தனோத் என்ற கூர்மையான அதிகாரி வருகிறார். அவரோடு சேர்ந்து தேட வேண்டியவர் யார்? வேடர்தான். திருடனே துப்பறிவாளனோடு ஊர் ஊராகப் போய்த் தன் தடயத்தைத் தானே தேடுகிறான். தனோத்துக்கு எவ்வளவு புரிந்துவிட்டது என்பதை அவருடைய பேச்சிலிருந்துதான் நாம் ஊகிக்க வேண்டும்.

நான் இந்த வரிசைக்கு முதலிடம் கொடுப்பது இந்தக் கதைத் திருப்பங்களுக்காக மட்டும் இல்லை. வேடர் என்ன நினைக்கிறார் என்று கில்லன் எங்கும் எழுதுவதில்லை. காமிக்ஸில் இது பெரிய துணிச்சல். ஒரு சின்னப் பெட்டி போட்டு மனக்குரலை எழுதிவிடுவது அவ்வளவு எளிது. ஆறாம் இதழைப் பாருங்கள். டெத் ஸ்டாரைத் தகர்த்த பையனின் பெயரைக் கண்டுபிடித்து வரச் சொல்லி வேடர் ஒரு வேட்டைக்காரனை அனுப்பியிருக்கிறார். பாபா ஃபெட் திரும்பி வந்து ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறான். ஸ்கைவாக்கர். வேடர் சன்னலைப் பார்த்து நிற்கிறார். முகமூடியில் ஒன்றும் மாறவில்லை, மாறவும் முடியாது. எதிரே இருக்கும் கண்ணாடியில் விரிசல் ஓடுகிறது. செத்துவிட்டதாகத் தான் நம்பிய மனைவியும் பிறக்கவேயில்லை என்று தான் நம்பிய பிள்ளையும் அந்த விரிசலில் இருக்கிறார்கள். நான் முதன்முறை அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

குறையும் உண்டு. லரோக்கா கவசத்தை வரைந்தால் உலோகத்தில் வெளிச்சம் வழுக்கும், மனித முகத்தை வரைந்தால் படத்தின் புகைப்படத்தை ஒட்டியதுபோல விறைத்துக்கொள்ளும். சைலோவின் மாற்று ஆட்கள் பொம்மைக் கடையிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். மூன்றாம் தொகுதியில் ஷு-டோருன் என்ற கிரகத்துப் போர் கொஞ்சம் இழுக்கும்.

2017 வரிசைக்கு வருவோம். தனியாக எடுத்துக்கொண்டால் இதன் முதல் தொகுதிதான் மூன்று வரிசைகளிலும் இறுக்கமாக எழுதப்பட்டது என்பேன். புதிய கவசம், பழகாத கைகால், கையில் வாள் கிடையாது. உனக்கு வேண்டிய வாளை, ஒளிவாள் ஏந்தும் துறவி வீரர்களான ஜெடாய்களில் ஒருவனைக் கொன்று எடுத்துக்கொள் என்கிறார் பேரரசர். வேடர் கிராக் இன்ஃபிலா என்ற துறவி வீரனைத் தேடிப் போகிறார். நேருக்கு நேர் மோதித் தோற்கிறார். தோற்று விழுந்தவர் உடைந்த எந்திரங்களின் பாகங்களைப் பொறுக்கித் தன் உடம்பைத் தானே ஒட்டவைத்துக்கொண்டு எழுகிறார். வீரத்தால் வெல்ல முடியாது என்று தெரிந்ததும் மேலே இருக்கும் அணையை உடைத்து, கீழே இருக்கும் ஊரைப் பணயமாக்குகிறார். துறவி ஊரைப் பார்ப்பானா, வாளைப் பார்ப்பானா? இந்தக் கதை வந்த அதே 2017 இல், நவம்பர் மாதக் கடைசியில், கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தது. தென்பெண்ணைக் கரையில் அன்றிரவு விழித்திருந்தவர்கள் அந்தப் பக்கங்களை வெறும் காமிக்ஸாகப் படிக்க மாட்டார்கள்.

பிறகு அந்த வாளுக்குள் இருக்கும் படிகத்தைச் சிவக்க வைக்கும் காட்சி. சித்தர்களின் வாள் ஏன் சிவப்பு என்று கேட்டால், கல் சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். (சித் என்பது ஜெடாய்களுக்கு எதிரான, வேடரும் பேரரசரும் சேர்ந்த கூட்டம். அதைத் தமிழில் எழுதும்போதெல்லாம் கை தானாகவே சித்தர் என்று எழுதிவிடுகிறது. பழனி மலைச் சித்தர்கள் மன்னிக்கட்டும்.) இங்கே கல்லுக்கு உயிர் உண்டு. ஏந்துகிறவன் தன் வலியையும் வெறுப்பையும் அதற்குள் ஏற்றினால் அது இரத்தம் கசிவதுபோல நிறம் மாறும். கல் எதிர்க்கிறது. பேரரசரை வீழ்த்திவிட்டுத் திரும்பிவிடலாமே என்று ஒரு வழியைக் காட்டுகிறது. வேடர் அந்த வழியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார். பாரதத்தில் தூது வந்த கண்ணனிடம் ஐந்து ஊர்கூடத் தர மாட்டேன் என்று துரியோதனன் சொல்லுமிடம் போல இது. விதி என்று தப்பித்துக்கொள்ள இடமில்லை, அவரே தேர்ந்தெடுக்கிறார்.

இரண்டாம் தொகுதியில் ஜெடாய் நூலகத்தின் பழைய நூலகர் ஜோகாஸ்டா நூவை வேட்டையாடுகிறார்கள். கிழவி புத்தகங்களைக் காக்கப் போராடுவது எனக்குப் பிடித்தது. மூன்றாவது, கடலடி உலகம் ஒன்றில் நடக்கும் போர். யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள், பெயர் மனத்தில் நிற்கவில்லை. நான்காவதில் வேடரின் கோட்டை எழும் கதை மீண்டும் சூடுபிடிக்கிறது. சண்டைப் பக்கங்களில் கமுன்கோலி, லரோக்காவை எளிதாகத் தாண்டிவிடுகிறார். உடம்பு நகர்வது தெரியும்.

ஆனாலும் முதலில் வாங்க வேண்டியது இதுவல்ல என்று சொல்கிறேன். இதில் வேடர் மீண்டும் மீண்டும் உடைக்கப்படுகிறார், ஒட்டப்படுகிறார், அவருடைய கனவுக்குள்ளும் நினைவுக்குள்ளும் நாம் நுழைகிறோம். திரைக்கு முன்னால் அவரைக் கண்டு பயந்தவனுக்கு அது பெரிய விருந்து. முன்கதைப் படங்கள் மூன்றையும் விரும்பிப் பார்த்து, அனகினுக்காக வருந்தியவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் நேராக இங்கே தொடங்கலாம். அவர்களுக்கு விருந்து முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடும்.

2020 வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மகன் லூக் கையை உதறிவிட்டுப் போன பிறகு, என் பிள்ளையை என்னிடமிருந்து மறைத்தது யார் என்று வேடர் கிளம்புகிறார். தேடல் இறந்துபோன மனைவி பத்மேயின் பழைய ஊருக்குக் கொண்டுபோகிறது. வழியில் அவளைப் போலவே இருக்கும் தோழி சாபே எதிர்ப்படுகிறாள். முதல் பதினொரு இதழ்கள் அருமை. படுகளத்துக்கு முந்தைய இரவில் கேட்கும் ஒப்பாரி மாதிரி ஒரு குரல் அதில் இருக்கிறது. பன்னிரண்டாம் இதழ் முதல் மார்வெலின் பெருந்திருவிழாக்கள் தொடங்குகின்றன. ஒரு கதை ஐந்தாறு தொடர்களில் சிதறிக் கிடக்கும், ஒன்றை மட்டும் வாங்கியவன் நடுவில் முழிப்பான். கூத்தில் பின்னிரவு மூன்று மணிக்குக் கண்ணயர்ந்து, மத்தளச் சத்தத்தில் விழித்து, இவன் எப்போது வந்தான் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்போமே, அந்த நிலைதான். தொகுதிகள் ஒன்பது வேறு. முதல் இரண்டை யாரிடமாவது இரவல் வாங்கிப் படியுங்கள். டார்க் ஹார்ஸ் காலத்து வேடர் கதைகளும் பழைய கடைகளில் கிடைக்கும். அவை இப்போதைய அதிகாரபூர்வக் கதையில் சேராதவை, சேகரிப்பவர்களுக்கு மட்டும்.

வாங்கும் முறை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இவற்றை அலமாரியில் வைத்திருக்கும் கடையை நான் பார்த்ததில்லை. புத்தகத் திருவிழா அரங்குகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒற்றைத் தொகுதி அகப்படும். இல்லையென்றால் இணையத்தில் வரவழைக்க வேண்டும், அல்லது ஓசூர் வழியாகப் பஸ் ஏறிப் பெங்களூரு சர்ச் தெருவுக்குப் போக வேண்டும். புரட்டிப் பார்த்து வாங்க முடிவதால் நான் இரண்டாவதையே சொல்வேன். நான் வரவழைத்த ஒரு தொகுதி நான்கு மூலையும் நசுங்கி வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பப் பட்ட பாடு தனிக் கதை.

அட்டையில் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எழுதியவர் பெயரைப் பாருங்கள். 'டார்க் லார்ட் ஆஃப் தி சித்' என்று கூடுதலாக ஒரு வரி இருந்தால் அது 2017 வரிசை. எல்லா இதழ்களையும் ஒரே கெட்டி அட்டைக்குள் கட்டிய பதிப்புக்கு ஆம்னிபஸ் என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பைபாஸில் விளக்குப் போட்டு நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். எடையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அறுநூறு பக்கத்தைத் தாண்டும், படுத்துக்கொண்டு படித்தால் மூச்சு வேடருக்கு வருவதுபோல வரும். மடியில் வைத்துப் படிக்க மெல்லிய அட்டைத் தொகுதிகளே நல்லது. மார்வெலின் சந்தாச் செயலியில் கைப்பேசியிலும் படிக்கலாம். பிடிக்குமா என்று பார்க்க ஒரு மாதச் சந்தா போதும். ஆனால் இரண்டு பக்கத்தை அடைத்து வரைந்த படங்கள் கைப்பேசியில் தபால்தலையாகிவிடும். எல்லாமே ஆங்கிலம்தான். வேடர் பேசுவது சின்னச் சின்ன வாக்கியம், பள்ளி ஆங்கிலம் போதும். அந்தக் கொலைகார எந்திரத்தின் நாகரிகப் பேச்சுக்கு மட்டும் அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது, நான் சொல்லாமல் விட்டது. கில்லனின் வரிசை நான்கு தொகுதிகள். முதலாவதில் 1 முதல் 6 வரை, இரண்டாவதில் 7 முதல் 12 வரை. மூன்றாவதைத் திறந்தால் 16 இல் தொடங்கும். நடுவில் இருக்கும் 13, 14, 15 ஆகிய மூன்றும் 'வேடர் டவுன்' என்ற தனிப் புத்தகத்தில் இருக்கின்றன, ஸ்டார் வார்ஸ் தொடரின் இரண்டு இதழ்களோடு சேர்த்து. வேடர் தன்னந்தனியாக ஒரு கிரகத்தில் விழுந்து, புரட்சிப் படை முழுவதும் அவரைச் சூழ்ந்துகொள்ளும் கதை அது. சூழ்ந்துகொண்டவர்களுக்காகத்தான் நாம் கவலைப்பட வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டுப் படிப்பது, சக்கரவியூகத்து இரவில் தூங்கிவிட்டு மறுநாள் கூத்துக்குப் போவது போல. ஆகவே நான்கு என்று கணக்குப் போடாதீர்கள், ஐந்து.

மருமகன் என் பேச்சைக் கேட்டு அன்றைக்கே நான்கை வரவழைத்துவிட்டான். பணமும் தீர்ந்துவிட்டது. நேற்று அழைத்தபோது இரண்டாம் தொகுதியில் தனோத்தோடு சுற்றிக்கொண்டிருந்தான். மூன்றாவதை ஞாயிறுவரை பிரிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். என்னுடைய 'வேடர் டவுன்' பிரதியைப் பையில் எடுத்து வைத்தாகிவிட்டது. காலைப் பஸ்ஸில் வருகிறேன். காரிமங்கலம் தாண்டியதும் அழைக்கிறேன், பஸ் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும்.